சட்டத்துக்குள் சிரிக்கவும்: கொழும்புக் குறிப்புகள்

வெள்ளி இரவு, வெள்ளவத்தை

ஞாயிறு கொழும்பின் வசதியான பகுதியான கறுவாத்தோட்டத்தில் கலா பொல. வீதியோரத்தில் ஓவியங்களைச் சாய்த்து வைத்து விற்கும் சந்தை, 1993இலிருந்து நடக்கிறது. அங்கே இந்தமுறை எனக்கும் கொஞ்சம் இடம் உண்டு. அதற்கு முன்னால் புதுக்கடையில் ஓர் அச்சகத்தில் வேலை. தினமும் இரவில் எழுதிப் போடுகிறேன், நெட் இருந்தால்.

ஹட்டனிலிருந்து விடியற்காலை பஸ். கினிகத்தேனை இறக்கத்தில் தூங்கி, கித்துல்கலயில் விழித்து, அவிசாவளையில் சுவெட்டரைக் கழற்றினேன். மடியில் பை, பைக்குள் லினோ கட்டை, அச்சடிக்கப் படம் செதுக்கிய லினோலியம். பஸ்காரத் தம்பி அதை மேலே தட்டில் போடச் சொன்னார். மூன்று வாரம் குனிந்து செதுக்கினது, மேலே போட மனசு வரவில்லை.

கட்டையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பெரிய ஹோட்டல் ஒன்றின் முன்கூடம். சுவரில் தங்கச் சட்டம் போட்ட ஓவியம். அதில் கொழுந்து பறிக்கும் பெண், முதுகில் கூடை, முகம் நிறையச் சிரிப்பு. ஓவியத்துக்குக் கீழே ஒரு பெண் தரை துடைக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே முகம். கீழே துடைப்பவள் சிரிக்கவில்லை. சுவரில் ஓர் அறிவிப்பு: 'சட்டத்துக்குள் சிரிக்கவும்'. லினோவில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் மாற்றிச் செதுக்க வேண்டும். 'க்'கின் புள்ளிக்கே ஒரு மாலைப்பொழுது போனது.

வழியில் போனில் பழைய 'சிரித்திரன்' இதழ்களைப் படித்துக்கொண்டு வந்தேன். நூலகம் இணையத்தளத்தில் இருக்கின்றன. சி. சிவஞானசுந்தரம் 1960களில் கொழும்பில் தொடங்கிப் பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோன நகைச்சுவைப் பத்திரிகை. பம்பாயில் கட்டடக்கலை படிக்கப் போன மனிதர், கோடு போடுவதில் அந்தக் கை தெரிகிறது. 'செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்' என்று அட்டையிலேயே கொள்கை. அவருடைய மிஸிஸ் டாமோடிரனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கொழும்புக்கு வந்து ஆங்கில மிடுக்கைப் போர்த்திக்கொண்ட தமிழ்க் குடும்பத்தைச் சொந்த ஆட்களே பார்த்துச் சிரிக்கும்படி வரைந்திருக்கிறார்.

தங்கியிருப்பது தோழியின் அம்மா வீட்டில், வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் நாலாம் மாடி. அன்ரிக்கும் மிஸிஸ் டாமோடிரனைத் தெரியும். "உது எங்கட பக்கத்து பிளாற்காரிதான் பிள்ளை, அப்பிடியே அச்சு!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. அப்போது குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த பிள்ளைக்குப் பதினெட்டு, பத்தொன்பது இருக்கலாம். பொகவந்தலாவைப் பக்கம் என்றாள், எங்கள் மலையகம்தான். நான் கட்டையை எடுத்துக் காட்டினேன். அன்ரி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா. "வடிவாய்ச் செய்திருக்கிறாய். ஆனா உதை ஆர் வாங்கப் போகினம்?" என்றா. அந்தப் பிள்ளையும் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்ரி நல்ல மனுஷி, எனக்குத் தன் கட்டிலைத் தந்துவிட்டுக் கூடத்தில் படுக்கிறா. பொகவந்தலாவைக்காரி எங்கே படுக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கிண்டல் படம் பக்கத்து வீட்டுக் கதவு வரைக்கும் ஜோராகப் போகிறது, சொந்தக் குசினி வாசலில்தான் நின்றுவிடுகிறது. நாளைக்கு அச்சகம், தூங்க வேண்டும்.

சனி, புதுக்கடை

நீதிமன்றக் கட்டடங்களுக்குப் பின்புறம், கறுப்புக் கோட்டுகளும் தட்டெழுத்துக்காரர்களும் நெரிகிற தெரு. உள்ளே ஒரு சந்து, சந்துக்குள் அச்சகம். அச்சகம் நடத்தும் நாநாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். இப்போது வருமானம் எல்லாம் ஓஃப்செற்றில்தான். ஆனாலும் மூலையில் பழைய ஹைடல்பேர்க் அச்சு யந்திரம் ஒன்று நிற்கிறது. பில் புத்தகத்துக்கு நம்பர் அடிக்கவும் கலியாணக் காட்டை மடிப்புத் தட்டவும் அதை விட்டால் வேறு இல்லையாம். இரண்டு இரும்புக் கைகள் சுழன்று ஒன்று கடதாசியைக் கொடுக்க, ஒன்று எடுக்கிறது. சத்தத்தில் பேசுவதெல்லாம் சைகைதான்.

"மகள், உயரம் சரியா ஈக்குதா?" என்பதுதான் நாநாவின் முதல் கேள்வி. அச்செழுத்தின் உயரம் 0.918 அங்குலம். கட்டையும் அதே உயரத்தில் இருந்தால்தான் மை ரோலர் சரியாகத் தொடும். லினோவின் தடிப்பு மூன்று மில்லிமீற்றர்தான், மீதிக்குப் பலகை ஒட்ட வேண்டும். நான் ஒட்டிக் கொண்டுபோனது ஒரு மயிரிழை குறைவு. நாநா பழைய கலண்டர் தாள் இரண்டைக் கீழே செருகினார். முதல் தாள் விழுந்தது. ஓவியத்துப் பெண் கறுகறுவென்று வந்தாள், துடைக்கிறவளின் முழங்கை மட்டும் வெளிறல். இன்னும் ஒரு துண்டுத் தாள். அதற்குப் பிறகு முந்நூறு தாள் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. வீட்டில் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து ஒரு படம் எடுக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகும்.

ஓய்ந்தபோது நாநா புளொக் காலத்தைச் சொன்னார். கேலிச்சித்திரக்காரர் இந்தியன் இங்க்கில் வரைந்து அனுப்புவார். அதைப் படம்பிடித்து, மருந்து பூசிய துத்தநாகத் தகட்டில் ஒளியால் ஏற்றி, அமிலத்தில் போடுவார்கள். கோடு நிற்கும், மற்ற இடம் கரையும். பிறகு மரக்கட்டையில் ஆணி அடித்தால் புளொக். கூலி சதுர அங்குலக் கணக்கில். "மந்திரிட வயித்தப் பெரிசா கீறினா பத்திரிகைக்காரனுக்குச் செலவு கூட. அதால சின்ன வயித்தோட சில மந்திரிமார் தப்பிச்சாங்க," என்றார். பொய்யோ மெய்யோ, நல்ல கதை.

கடதாசி மலிவானதாக நியூஸ்பிரின்ட் கேட்டேன். நாநா 2022 மார்ச்சை ஞாபகப்படுத்தினார். டொலர் இல்லாமல் கடதாசி வராமல், மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்த மாதம் அது. சில பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. "கிண்டல் பண்ணுறதுக்கு அவ்வளவு விஷயம் ஈந்திச்சு, அடிக்கத்தான் தாள் இல்ல."

மலிவு என்பது இந்தக் கலையில் சின்ன விஷயம் கிடையாது. இலண்டனில் வில்லியம் ஹோகார்த் 1751இல் 'ஜின் தெரு' படத்தை ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். கூடியமட்டும் பலரிடம் போய்ச் சேர வேண்டும் என்று விலையை இறக்கினார், அப்படியும் கூலிக்காரனுக்கு அது காசுதான். அதே வருஷம் கொடுமையைப் பற்றிய நாலு படத் தொடரை இன்னும் மலிவாக மரச்செதுக்கில் போடப் பார்த்தார். இரண்டு கட்டை வெட்டியதும் செலவு கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டார். ஏழைகளுக்கு மலிவாகச் செய்யப் போனால் செலவு கூடிப்போகும் கதை அன்றைக்கே இருக்கிறது. 'ஜின் தெரு'வில் எல்லாரும் பார்ப்பது கைக்குழந்தை நழுவி விழுவதுகூடத் தெரியாமல் போதையில் சிரிக்கிற தாயை. எனக்கு முக்கியம் ஓரத்தில் நிற்கும் அடகுக்காரன். தெருவே இடிந்து விழுகிறபோது அவன் கடை நிமிர்ந்து நிற்கிறது, தச்சனின் வாளும் வீட்டுக்காரியின் சட்டியும் அவன் கைக்குப் போகின்றன. அவனைப் படத்தின் நடுவில் வைத்திருக்க வேண்டும். ஹோகார்த் ஏழையின் குடியைத்தான் நடுவில் வைத்தார்.

மத்தியானத்துக்குள் பார்ன்ஸ் பிளேஸுக்கு ஓடினேன், சபுமல் மன்றம். ஓவியர் ஹரி பீரிஸின் வீடு. 1943இல் சேர்ந்த '43 குழு என்ற ஓவியர் கூட்டத்தின் படங்கள் நிறைய இருக்கின்றன. குழுவில் ஒருவர் ஒப்ரி கொலெற். ஓவியரைவிடக் கேலிச்சித்திரக்காரராகத்தான் அவரை நாடு அறியும், பத்திரிகையில் பிரதமர்களை உரித்தவர், 1960களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியா போய்விட்டார். குழுவில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். பிக்குவாக இருந்த மஞ்சுஸ்ரீ போல விதிவிலக்குகளும் உண்டு. படங்கள் அருமை, சந்தேகமே இல்லை. வெளியே வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கறுவாத்தோட்டத்தில் ஏறுகிற ஆள் என்றதும் ஓட்டோக்காரர் மீற்றரைப் போட மறுத்தார்.

ஞாயிறு, கலா பொல

காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். ஆனந்த குமாரசுவாமி மாவத்தை, ஆட்கள் இன்னும் கிறீன் பாத் என்றுதான் சொல்கிறார்கள். கலை அறிஞரான குமாரசுவாமி 1908இல் மத்திய காலச் சிங்களக் கலை பற்றிய தன் புத்தகத்தை இங்கிலாந்தில் தானே நின்று அச்சடித்தார். கைவினையைப் போற்றிய ஆங்கிலேயர் வில்லியம் மொரிஸ் தன் கெல்ம்ஸ்கொட் பதிப்புகளை அடித்த அதே கையச்சு யந்திரம். 425 பிரதிகள். இயந்திரப் பொருட்கள் கைவினைஞரைக் கொல்கின்றன என்று எழுதிய மனிதர், கையால் அடித்த நூலை எத்தனை கைவினைஞரால் வாங்க முடிந்திருக்கும்? மரியாதையோடுதான் கேட்கிறேன். அவர் தெருவில் உட்கார்ந்துகொண்டு கேட்காமல் வேறு எங்கே கேட்பது.

ஒன்பது மணிக்குள் தெரு நிறைந்தது. யானை, பெரஹெர, காலிக் கோட்டை, மீனவர். கொழுந்து பறிக்கும் பெண்கள் கடைக்குக் கடை. எல்லாருக்கும் பல் தெரியச் சிரிப்பு, மூக்குத்தி, கூடை. என் இடத்துக்கு எதிரே இருந்த ஒன்றின் விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். தோட்டத்தில் ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு எத்தனை வருஷம் கத்தினோம், 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. வரைந்தவர் நல்ல பையன், எனக்கு வடை வாங்கித் தந்தார். தோட்டத்துக்குள் போயிருக்கிறீர்களா என்றால், ரயிலிலிருந்து பார்த்திருக்கிறாராம்.

மலையகத்து ஆளை வைத்து அச்சில் படம் காட்டுவது இந்த ஊரில் பழைய வழக்கம். அதே கறுவாத்தோட்டத்தில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகம் 1877இல் திறந்தது. அதற்கும் முன்னால், 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில், கொழும்பில் ஆங்கிலத்தில் ஒரு கேலிப் பத்திரிகை வந்தது. இலண்டன் 'பஞ்ச்' மாதிரி. நடத்தியவர் ஜோன் கப்பர், லித்தோ என்ற கல்லச்சுப் படங்கள் ஜே. எல். கே. வான் டோர்ட் என்ற பறங்கி ஓவியர். பத்திரிகையின் பெயர் 'முனியாண்டி'. கோப்பித் தோட்டத்துத் துரைமார் உட்கார்ந்து வாசித்துச் சிரிக்க, எங்கள் லயத்து ஆண்பிள்ளைகளின் பெயர். வான் டோர்ட்டின் கோடு உயிருள்ளது, ஆட்களின் நடை, குடை, தலைப்பாகை எல்லாம் அப்படியே பிடிப்பார். ஆனால் முனியாண்டி தன் பெயரில் வந்த பத்திரிகையை வாசித்திருக்க வழியே இல்லை.

இதை வைத்துத்தான் நான் இந்தக் கலையை அளக்கிறேன். யார் பெயரில், யாரைப் பார்த்து, யார் காசு கொடுத்துச் சிரிக்கிறார்கள்? மெக்சிகோவின் அச்சோவியர் பொசாதாவை எல்லாரும் கொண்டாடுகிறோம். மலிவுத் தாளில் சில்லறைக் காசுக்குத் தெருவில் விற்ற எலும்புக்கூட்டுப் படங்கள். இறகுத் தொப்பி போட்ட அந்த எலும்புச் சீமாட்டி இன்றைக்கு ரீ-சேட்டில்கூட வருகிறாள். அவர் முதலில் கேலி செய்தது சீமாட்டியை இல்லை. தங்கள் பழங்குடிப் பிறப்பை மறைத்து ஐரோப்பிய வேஷம் போட்ட ஏழை வேலைக்காரப் பெண்களை. பொசாதாவும் 1913இல் ஏழையாகத்தான் செத்தார், ஆனாலும் அந்த ஒரு படத்தில் சிரிப்பு கீழ்நோக்கிப் போகிறது. ஸ்பெயினின் ஓவியர் கோயா நேர்மாறு. 1799இல் வந்த எண்பது படத் தொடரில் 42ஆவதைப் பாருங்கள்: இரண்டு குடியானவர்கள் முதுகு வளைந்து கழுதைகளைச் சுமக்கிறார்கள், கழுதைகள் சொகுசாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கழுதையின் காலில் குதிமுள்கூட உண்டு. எங்கள் தோட்டத்தில் இந்தப் படத்துக்கு விளக்கம் தேவைப்படாது. ஆனால் தொகுதி விலை 320 ரெயால், விற்றது வாசனைத் திரவியமும் மதுவும் விற்ற கடையில். சில நாளிலேயே விற்பனையை நிறுத்தினார், போனது 27 தொகுதிதான். மேல்நோக்கிச் சிரித்த படம் மேலே இருப்பவர்களிடமே போய் அடைந்தது.

பதினொரு மணிக்கு லினன் சட்டை போட்ட ஒருவர் என் படத்தை நெடுநேரம் பார்த்தார். ரசனையுள்ளவர், லினோ என்று தொட்டதும் சொன்னார். எத்தனை பிரதியில் இது எத்தனையாவது என்று கேட்டார். நம்பர் போடவில்லை, முந்நூறு அடித்தேன், தேவைப்பட்டால் இன்னும் அடிப்பேன், நூறு ரூபா என்றேன். "நீங்கள் இருபத்தைந்தோடு நிறுத்திக் கட்டையை வெட்டிவிட்டால் நான் பதினையாயிரம் தருவேன்," என்றார், உதவி செய்கிற குரலில். ஹோகார்த் காலத்தில் இந்த நம்பர் போடும் வழக்கமே கிடையாது, அது பின்னால் வந்த வியாபாரம். ஆயிரம் பேருக்குக் கொடுக்கக்கூடிய பொருளை வேண்டுமென்றே இருபத்தைந்தாகச் சுருக்கி விலை ஏற்றுவதை என் கை ஏற்காது. பதினையாயிரத்தை நினைத்து இப்போது வயிறு எரிகிறது, அது வேறு விஷயம்.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு குடும்பம் எதிர்க் கடையில் விலை பேசிக்கொண்டிருந்தது. அவர்களுடைய குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அக்கா என் பக்கம் வந்தார்.

"எந்தத் தோட்டம் நீங்க?"

சொன்னேன். அவர் மஸ்கெலியாப் பக்கம். படத்தைக் குனிந்து பார்த்தார். மேலே இருக்கிறவளைப் பார்த்துவிட்டுக் கீழே இருக்கிறவளைப் பார்த்தார். பிறகு குழந்தை பயப்படுகிற அளவுக்குச் சிரித்தார்.

"மொப் குடுத்திருக்காங்களே இவளுக்கு! எங்க வீட்டம்மா இன்னும் துணிதான் குடுக்குது. குந்திக்கிட்டுத்தான் தொடைக்கணும்."

கொஞ்சம் பொறுத்து, "இந்தக் கூடையெல்லாம் இப்ப எங்க புள்ள இருக்கு? சாக்குத்தான்," என்றார். ஓவியக்காரர் வரைகிறது கூடைதான், அதனால்தான் ஓவியத்துக்குள் கூடை என்றேன். "ஓ, அது அவங்க கூடையா," என்றார். விளக்கம் முடிந்தது. நான் மூன்று வாரம் செதுக்கியதை அரை நிமிஷத்தில் வாசித்துவிட்டார். இரண்டு படம் எடுத்தார். ஒன்று தங்கச்சிக்கு, அது வத்தளையில் ஒரு வீட்டில் இருக்கிறதாம். காசு வேண்டாம் என்றதற்கு, நூறு ரூபாவுக்குக்கூட வழியில்லையா எங்களுக்கு என்று முறைத்து, இருநூறைக் கையில் திணித்தார். அதற்குள் அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்கள். படத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

மொத்தம் நூற்று நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே போயிருக்கும். எதிர்க்கடைப் பையனின் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் தொண்ணூறுக்குப் போனது.

திங்கள், முகத்துவாரம்

பஸ் ராத்திரிதான். காலையில் முகத்துவாரம் காளி கோயிலுக்குப் போனேன். கும்பிட என்று சொன்னால் பாதி உண்மை.

நேற்று அச்சுத்தாளைப் பார்த்தவர்களில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "பிரச்சினை ஒண்ணும் வராதே?" சனிக்கிழமை நாநாவும் அந்த அறிவிப்பு வரியைப் பார்த்துவிட்டு, "இது எந்தச் சட்டம் மகள்?" என்று கண்ணைச் சுருக்கித்தான் இயந்திரத்தைப் போட்டார். பிரான்ஸில் டோமியே 1831இல் ஒரு லித்தோப் படம் போட்டார். ராட்சத உருவத்தில் ராஜா உட்கார்ந்திருக்கிறார், வாயிலிருந்து தரைக்கு ஒரு நீளப் பலகை, கந்தல் உடுத்த ஏழைகள் கூடை கூடையாகக் காசைச் சுமந்து ஏறி அந்த வாயில் கொட்டுகிறார்கள். நிறுவைக்குக் கொழுந்து கொண்டுபோகும் வரிசையை நான் அதில்தான் முதலில் அச்சில் கண்டேன். டோமியேக்குக் கிடைத்தது ஆறு மாதச் சிறையும் 500 பிராங் தண்டமும். வெளியே வந்து நாற்பது வருஷம் இன்னும் வரைந்தார்.

கொழும்பில் பிரகீத் எக்னெலிகொட என்று ஒரு கேலிச்சித்திரக்காரர், பத்திரிகையாளர். 2010 ஜனவரி 24, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்குத் திரும்பவில்லை. திரும்பவேயில்லை. மனைவி சந்தியா படியேறாத நீதிமன்றம் இல்லை. 2022 ஜனவரியில் அவர் இந்தக் காளி கோயில் முன்னால்தான் தலையை மொட்டையடித்துக் கொண்டு சபித்தார். சிங்களப் பெண், தமிழர் கோயில். நீதிமன்றத்தில் கிடைக்காததைக் காளியிடம் கேட்டார்.

எனக்கு வள்ளுவர்தான் நினைவுக்கு வந்தார்:

இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து
கெடுக உலகியற்றி யான்.

பிச்சை எடுத்துத்தான் சிலர் வாழ வேண்டும் என்றால், உலகத்தைப் படைத்தவனே அலைந்து கெடட்டும். பள்ளிக்கூடத்தில் இதைச் சாந்தமாக ஒப்புவிக்க வைத்தார்கள். கோயில் வாசலில் நின்று வாய்விட்டுச் சொன்னால் வேறு மாதிரி இருக்கிறது. பூ விற்கும் அம்மா திரும்பிப் பார்த்தார்.

காலிமுகத்திடலுக்கும் போனேன். 2022இல் போராட்டக் கூடாரங்களும் நூலகமும் சுவரொட்டிகளும் நின்ற இடத்தில் இப்போது பட்டமும் இஸ்ஸோ வடையும், அதாவது இறால் வடை. வடை நன்றாயிருந்தது.

பின்னேரம் கட்டையை எடுக்கப் புதுக்கடைக்குத் திரும்பினேன். நாநா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒரு செய்தி சொன்னார். தேயிலைப் பைக்கற்றுக்கு லேபல் அடிக்கிற வாடிக்கையாளர் ஒருவர் காலையில் வந்திருக்கிறார். மேசையில் கிடந்த என் தாளைப் பார்த்துவிட்டாராம். படம் பிரமாதமாம், கையால் செதுக்கின மாதிரி இருக்கிறதாம், வெளிநாட்டுக்காரருக்குப் பிடிக்குமாம். கூடையோடு சிரிக்கிறவளை மட்டும் வெட்டித் தர முடியுமா, நல்ல விலை தருகிறாராம்.

"கீழ இருக்கிறவள என்ன செய்யச் சொன்னாரு?" என்றேன்.

"அவள வேணாமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க நாநா?"

"ரெண்டும் ஒரே கட்டை, அறுக்க ஏலாது எண்டு சென்னேன்," என்று நாநா இயந்திரத்துக்கு எண்ணெய் விடப் போனார். "முழுசா எடுக்கிறதெண்டா நூறு ரூவா எண்டும் சென்னேன். யோசிச்சிட்டு வாராராம்."

மீதி நூற்றைம்பது தாளையும் அவரிடமே விட்டு வந்தேன், யாராவது கேட்டால் கொடுக்கச் சொல்லி. கட்டை என் மடியில்.